மிஞ்சிய இரண்டு லிட்டர் பால்: தயிரா, கோவாவா, பன்னீரா, ஃபிரீசரா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஆறு பேர், இரண்டு நாள். காபிக்கு, டீக்கு, குழந்தைகள் குடிக்க என்று மனக்கணக்குப் போட்டு, வழக்கமாக வாங்கும் ஆவின் பாக்கெட்டோடு கூடுதலாக நான்கு பச்சைப் பாக்கெட் வாங்கிவந்தேன். எல்லாம் அரை லிட்டர். இரண்டைப் பிரித்துக் காய்ச்சி இறக்கிவைத்த நேரத்தில் போன் வருகிறது. "சின்னவளுக்கு ராத்திரியிலேர்ந்து காய்ச்சல்மா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

சரி, குழந்தைக்கு உடம்பு தேறட்டும். ஆனால் என் முன்னால் காய்ச்சிய பால் ஒரு லிட்டர், பிரிக்காத பால் ஒரு லிட்டர். போதாததற்கு, அவர்களுக்காக முந்தின ராத்திரி உறை ஊற்றிய தயிர் ஒரு தூக்கு நிறைய. வெளியே திருச்சி வெயில்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். உடனே நான்கு யோசனை. "திரட்டுப்பால் கிண்டிடலாமே, ரொம்ப நாளாச்சு" என்றார் அத்தை. "பன்னீர் பண்ணும்மா" என்றான் பத்தாவது படிக்கும் மகன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படியே ஃபிரீசர்ல தூக்கிப் போடு" என்றார். எனக்கோ கை தானாக உறைமோர்க் கிண்ணத்தைத் தேடியது. பால் மிஞ்சினால் தயிர், அதுதானே பழக்கம். யார் சொன்னது சரி என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசித்ததில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பால் மிஞ்சினால் செய்யலாம் என்று சொல்கிற பண்டங்களில் பாதி, ஒரு மிச்சத்தை இன்னொரு மிச்சமாக மாற்றுகிற வேலைதான். கொட்ட மனசு வராமல் ஒரு லிட்டர் பாலில் சர்க்கரையையும் ஒரு மணி நேர கேஸையும் போட்டுக் கோவா கிண்டி, அதைப் பத்து நாள் கழித்துக் கொட்டினால் நஷ்டம் இன்னும் கூடத்தான் ஆகிறது. அதனால் எதைச் செய்வதற்கு முன்னும் நான் மூன்று விஷயம் பார்க்கிறேன். இது எத்தனை நாள் தாங்கும்? என் நேரத்தை எவ்வளவு கேட்கும்? கடைசியில் யார் சாப்பிடப் போகிறார்கள்? மூன்றாவதைத்தான் நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், மற்ற திடப்பொருள் 8.5 சதவீதம். நீலத்தில் கொழுப்பு 3, ஆரஞ்சில் 6. ஆக, பச்சைப் பாக்கெட் பால் ஒரு லிட்டரில் சத்து என்று இருப்பது ஏறக்குறைய 130 கிராம். மீதி தண்ணீர். கோவா, பன்னீர் எல்லாம் இந்தத் தண்ணீரை எப்படித் துரத்துகிறோம் என்பதில்தான் வேறுபடுகின்றன. தயிர் தண்ணீரைத் துரத்துவதே இல்லை. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

தயிர்: சுலபம், ஆனால் இடம் அடைக்கும்

உழைப்பு என்று பார்த்தால் தயிருக்கு ஈடு கிடையாது. காய்ச்சிய பால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் உறை, இரண்டு ஆற்று, ஒரு மூடி. வெயில் காலத்தில் நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும், மார்கழியில் ராத்திரி முழுக்க ஆகும். உறைந்த உடனே ஃபிரிட்ஜில் ஏற்றிவிட்டால் நான்கைந்து நாள் புளிக்காமல் நிற்கும். உறைந்த பிறகும் மேடையிலேயே விட்டுவிட்டு, சாயங்காலம் "என்ன இப்படிப் புளிச்சுக் கிடக்கு" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒரு லிட்டர் பால் ஒரு லிட்டர் தயிராகத்தான் ஆகிறது, குறைவதில்லை. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் தயிர் போனால் பெரிது. ஏற்கெனவே ஒரு தூக்குத் தயிர் இருக்கும்போது இரண்டு லிட்டரையும் உறை ஊற்றினால் ஐந்தாறு நாளுக்குத் தயிர்தான், அப்புறம் மூன்று நாள் மோர்க்குழம்புதான். வீட்டில் கலகம் வரும். தயிர் பாத்திரமே காலியாக இருக்கும் வீட்டுக்கு இது முதல் பதில். எங்களுக்கு அன்றைக்கு அது பதில் இல்லை.

பாலையே தயிர்ச்சோறாகச் செலவழிக்கும் பழைய வழி ஒன்று உண்டு, ரயில் பயணத்துக்குக் கட்டிக்கொடுப்பார்களே, அது. சோற்றை நன்றாகக் குழைத்து, வெதுவெதுப்பான பாலை ஊற்றிப் பிசைந்து, உப்புப் போட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து மூடிவைத்தால் மத்தியானம் திறக்கும்போது புளிக்காத தயிர்ச்சோறாக இருக்கும். பிசையும்போது கூழ்போல் தளர இருக்க வேண்டும், போகப் போக இறுகிவிடும். ஒரு ஆழாக்கு அரிசிச் சோறு கால் லிட்டர் பாலைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொள்ளும். அவருக்கு ஆபீஸ் டப்பா, மகனுக்குப் பள்ளி டப்பா என்று இரண்டு நாள் கட்டினால் அரை லிட்டர் போன இடம் தெரியாது. மிச்சப் பாலுக்கு இதைவிடக் கௌரவமான வழி எனக்குத் தோன்றவில்லை.

கோவா: ஆசைக்குச் செய்யலாம், அவசரத்துக்குக் கூடாது

அத்தை சொன்ன திரட்டுப்பாலுக்கு வருகிறேன். ருசியில் இதற்குத்தான் முதல் மார்க். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது என்றால் அந்த ஊர்க்காரர்கள் விறகு அடுப்பின் முன்னால் நின்று கிண்டிய கிண்டலுக்குத்தான் அந்த மரியாதை. வீட்டில் அதே கிண்டலை நீங்கள் ஒற்றை ஆளாகக் கிண்ட வேண்டும்.

ஒரு லிட்டர் பாலுக்கு அடிகனமான வாணலியில் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம். முதல் அரை மணி நேரம் ஏமாற்றும். ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே வேறு வேலையும் பார்க்கலாம் போலிருக்கும். பால் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டியதும் ஆட்டம் மாறும். நுரை அடங்கி, 'பொத் பொத்'தென்று குமிழ் வெடித்து முழங்கைவரை தெறிக்கும். அந்தக் கட்டத்தில் கரண்டி நின்றால் அடி பிடித்தது என்று அர்த்தம். நான் ஒரு தடவை அப்போதுதான் கூரியர்க்காரருக்குக் கதவு திறக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தீய்ந்த வாசனை. பதறிப்போய் அடியைச் சுரண்டினேன், அதுதான் தப்பு. அடி பிடித்தால் சுரண்டவே கூடாது. மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். நான் சுரண்டியதில் முழுக் கோவாவும் புகை வாசனையோடு போயிற்று. ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் அது மறையாது.

சர்க்கரையைக் கடைசியில்தான் போட வேண்டும். போட்டதும் ஒருமுறை இளகி, மறுபடி இறுகும். வெல்லம் போடுகிற திரட்டுப்பால் என்றால் இன்னும் கவனம். சூடான பாலில் வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடும் என்பதால் பால் நன்றாகச் சுண்டி, கிட்டத்தட்ட இறக்கும் சமயத்தில்தான் பொடித்த வெல்லம். இவ்வளவு பாடுபட்டால் பச்சைப் பால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை சேர்க்காத கோவா 180 கிராம் வாக்கில் கிடைக்கும். சர்க்கரையோடு ஒரு சின்னக் கிண்ணம் நிறையும்.

தாங்குமா? ஃபிரிட்ஜில் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். யார் சாப்பிடுவார்கள்? எங்கள் வீட்டில் அத்தைக்கும் அவருக்கும் சர்க்கரை வியாதி. மகன் இரண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வான். ஆக, அந்தக் கிண்ணம் என் பொறுப்பில் வந்து விழும். விருந்தாளி வருகிறார்கள், பிறந்த நாள், யாருக்காவது சீர் கொண்டுபோக வேண்டும் என்றால் கோவா கிண்டுங்கள். பால் மிஞ்சிவிட்டதே என்பதற்காக மட்டும் கிண்டாதீர்கள். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. "கை வலிக்குது அத்தை, இன்னொரு நாள் பண்றேன்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

இனிப்பு வேண்டுமென்றால் பால் பாயசம் மேல். குக்கரில் ஒரு லிட்டர் பால், ஒரு கைப்பிடி அரிசி, சர்க்கரை மூன்றையும் போட்டு மிகச் சிறு தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டால் பாயசம் தானே இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். பெரிய குக்கராக இருக்க வேண்டும், பால் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. கிண்டல் இல்லை. ஆனால் அன்றே குடித்துத் தீர்க்க ஆள் வேண்டும்.

பன்னீர்: ராத்திரிக்குச் சப்பாத்தி உண்டா?

பன்னீர் என்றாலே அத்தையின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். பால் திரிவது அபசகுனம் என்று வளர்ந்த தலைமுறை. நன்றாக இருக்கும் பாலில் வேண்டுமென்றே எலுமிச்சம்பழம் பிழிவதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "நல்ல பாலைப் போய்த் திரிய வைக்கிறியே" என்பார், ஒவ்வொரு தடவையும். சாப்பிடும்போது மட்டும் இன்னும் இரண்டு துண்டு கேட்பார்.

வேலை அதிகமில்லை. கொதிக்கும் பாலை இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாக ஊற்றினால் திரிந்து, வெளிறிய பச்சைத் தண்ணீர் தனியாகப் பிரியும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, புளிப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து, மேலே ஒரு தண்ணீர்க் குடத்தை ஏற்றினால் முக்கால் மணி நேரத்தில் வெட்டலாம். உதிர்த்துப் பொரியல்போல் வெங்காயம் தக்காளியோடு வதக்குவதென்றால் குடமும் வேண்டாம்.

பச்சைப் பாலில் லிட்டருக்கு 150 கிராம் சுமாருக்குக் கிடைக்கும், ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் 200 வரை வரும். பார்க்கக் கோவா அளவுதான். ஆனால் கோவாவில் தண்ணீர் மட்டும்தான் போகிறது, பன்னீரில் தண்ணீரோடு பாலின் சர்க்கரையும் கொஞ்சம் புரதமும் சேர்ந்து போகின்றன. 130 கிராம் சத்து என்றேனே, அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அந்தப் பச்சைத் தண்ணீரில் இருக்கிறது. வீணாகாமல் இருக்கத்தானே பன்னீர் செய்கிறோம். அப்புறம் முக்கால் லிட்டர் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினால் எப்படி? சப்பாத்தி மாவை அதில் பிசையலாம், மாவு மெத்தென்று வரும். பருப்பு வேக வைக்கலாம். கொஞ்சம் புளிப்பு இருப்பதால் ரசத்தில் புளியைக் குறைத்துக்கொண்டு ஊற்றலாம். இதற்கெல்லாம் அன்றைக்கே அடுப்பில் வேலை இருக்க வேண்டும்.

ஈரமான பன்னீர் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் போகாது. தண்ணீரில் முக்கி, தண்ணீரைத் தினம் மாற்றினாலும் அவ்வளவுதான். ஃபிரீசரில் வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும், ஆனால் உதிர ஆரம்பித்துவிடும். ராத்திரிக்குச் சப்பாத்தி, மாவு பிசைய ஆள், சாப்பிட ஒரு பத்தாவது படிக்கும் பையன் மூன்றும் இருந்தால் பன்னீர் நல்ல முடிவு. பாலின் இரண்டு பகுதியும் ஒரே வேளையில் தீர்ந்துவிடும்.

ஃபிரீசர்

அவர் சொன்னதைக் கடைசியில் எடுத்ததற்குக் காரணம், அவர் சொன்னார் என்பதுதான். உண்மையில் அன்றைக்கு அவர்தான் சரி.

பாலை உறைய வைக்கலாம் என்பதே நம் வீடுகளில் பலருக்கு ஏறுவதில்லை. "ஐஸாயிட்டா அது பாலா?" என்று அத்தை கேட்டார். பாலாகத்தான் இருக்கிறது. பிரிக்காத பாக்கெட்டை வாங்கிய அன்றைக்கே, நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதே ஃபிரீசரில் வைத்துவிட வேண்டும். பால் உறையும்போது உப்பும். பாக்கெட் விரிசல் விட்டால் ஃபிரீசர் பாழாகும் என்பதால் ஒரு டப்பாவுக்குள் வைத்து வைப்பேன். ஒரு மாதத்துக்குள் எடுத்துவிடுவது என் கணக்கு. எடுக்கும்போது முதல் நாள் ராத்திரியே கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். அடுப்பு மேடையில் வைத்து உருக்கினால் வெளிப்பக்கம் வெதுவெதுப்பாகி, நடுவில் கட்டி கிடக்கும். வெளிப்பக்கத்துப் பால் கெட ஆரம்பிக்க அது போதும்.

உருகிய பாலைப் பார்த்ததும் பயப்படாதீர்கள். கொஞ்சம் மஞ்சளித்து, மேலே கொழுப்புத் துணுக்குத் துணுக்காக மிதக்கும். காய்ச்சி ஆற்றினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். டீ, பாயசம், கஸ்டர்டு, தயிர் எதற்கும் குறையில்லை. ஃபில்டர் காபிக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். டிகாக்‌ஷன் மேல் அந்த எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார், தானே சொன்ன யோசனை என்பதை மறந்துவிட்டு.

நேரம்? அரை நிமிடம். கேஸ்? இல்லை. யார் சாப்பிடுவார்கள் என்ற கேள்விக்கு இன்றைக்கே பதில் தேவையில்லை, அதுதான் இதன் அழகு. மற்ற எல்லா வழியும் இன்றே முடிவெடு என்கிறது. ஃபிரீசர் மட்டும், அடுத்த வாரம் சித்தப்பா வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறது.

ஆனால் இது பிரிக்காத பாலுக்கும், காய்ச்சி ஆறி மூடிவைத்த பாலுக்கும்தான். இரண்டு நாள் மேடையிலும் ஃபிரிட்ஜிலும் மாறி மாறி நின்ற பாலை உறைய வைத்தால் அது கெடுதலையும் சேர்த்துத்தான் பத்திரப்படுத்தும். தயிரை ஃபிரீசரில் வைத்தால் உருகும்போது தண்ணீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்துவிடும், அதற்கு இந்த வழி ஆகாது. கரண்ட் அடிக்கடி போகிற ஊரானால் இதை நம்பவும் வேண்டாம்.

நெய்யைப் பற்றி ஒரு குழப்பம்

பால் மிஞ்சுகிறதா, நெய் காய்ச்சு என்பார்கள். யோசித்துப் பாருங்கள், ஆடையை எடுத்த பிறகும் பால் அப்படியே இருக்கிறதே! நெய் மிச்சப் பாலைத் தீர்ப்பதில்லை, மிச்ச ஆடையைத்தான் தீர்க்கிறது. அளவும் அவ்வளவாக வராது. பச்சைப் பால் இரண்டு லிட்டரில் இருக்கும் கொழுப்பு முழுவதுமே 90 கிராம் சுமார். ஆடையாக நம் கைக்கு வருவது அதில் ஒரு பகுதி. ஹோமோஜனைஸ் செய்த பால் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் கொழுப்பைப் பொடியாக உடைத்திருப்பார்கள், ஆடை கனமாகப் படியவே படியாது. ஊத்துக்குளி வெண்ணெய் மாதிரி உருட்டி எடுக்கலாம் என்று ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான்.

ஆனால் தினப்படிப் பழக்கமாக நெய் அருமையான வழி. தினமும் ஆறிய பாலின் ஆடையை ஒரு டப்பாவில் எடுத்து, முதல் நாளே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து ஃபிரிட்ஜில் சேர்த்துவருகிறேன். வாரம் பத்து நாளில் டப்பா நிறையும். அதைக் கொஞ்சம் வெளியில் வைத்துவிட்டு, மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டினால் வெண்ணெய் திரளும். வெயில் காலத்தில் ஐஸ் கட்டி போடாவிட்டால் திரளாது, கொழகொழவென்று நிற்கும். ஒரே மூச்சில் ஓட்டினாலும் மிக்ஸி சூட்டில் வெண்ணெய் இளகிவிடும். திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பது மிக்ஸிக்கும் பொருந்தும்.

காய்ச்சும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று சத்தம் போடும். சத்தம் அடங்கி, பொன்னிற நுரை கிளம்பி, அடியில் கசடு பழுப்பாகும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு அணைத்துவிட வேண்டும். கீரை மொறுமொறுவென்று ஆகிவிடும், அதைத் தின்ன அடிதடி நடக்கும். அந்தச் சட்டியில் சூடான சோற்றைப் போட்டு உப்புச் சேர்த்துப் பிசைந்தால் சட்டி கழுவ வேண்டிய வேலையும் பாதி மிச்சம். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் அளவுக்கு நெய் வரும், ஈரக் கரண்டி படாவிட்டால் வெளியிலேயே மாதக் கணக்கில் நிற்கும். வீட்டில் பாலிலிருந்து செய்யும் பண்டங்களில் ஃபிரிட்ஜே கேட்காதது இது ஒன்றுதான்.

பிறந்த நாள் குருமாவுக்கு வாங்கி, பாதி மீந்த ஃபிரெஷ் கிரீம் பாக்கெட்டையும் நான் இந்த ஆடை டப்பாவில்தான் கவிழ்ப்பேன். சீஸ் மீந்தால் துருவி ஃபிரீசரில் போட்டுவிடலாம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எங்கள் வீட்டில் சீஸ் மீந்ததே இல்லை.

மீந்த தயிர்

தூக்கில் இருந்த தயிருக்கு நம் சமையலில் வழி ஏராளம். பால் மீந்தால்தான் நாம் தடுமாறுகிறோம். தயிர் மீந்தால் நம் பாட்டிகள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். லேசான புளிப்பு என்றால் மோர்க்குழம்பு. ஊறவைத்த துவரம்பருப்பு, பச்சரிசி, தனியா, சீரகம், தேங்காய், பச்சைமிளகாய் அரைத்துக் கலக்கி, பொங்கி நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துவிடும். இன்னும் புளித்தால் மோர்க்களி. அரிசி மாவைப் புளித்த மோரில் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகும் மோர்மிளகாயும் தாளித்துக் கிண்டுவது. இதற்குப் புதுத் தயிர் உதவவே உதவாது, புளிக்க வேண்டும். ரவா தோசைக்கும் அப்படித்தான்.

ரொம்ப நாள் தாங்க வேண்டுமென்றால் மோர்மிளகாய். கால் கிலோ குண்டு மிளகாய்க்கு அரை லிட்டர் புளித்த தயிர், தாராளமாக உப்பு. மிளகாயைக் கீறி ஊறப்போட்டு, பகலில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் காயவைத்து, ராத்திரி திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றும்வரை நாலைந்து நாள் இப்படி. அப்புறம் மொறமொறவென்று காய்ந்தால் வருஷம் முழுக்க வரும். வெயில் இலவசம், ஆனால் தினம் இரண்டு தடவை மாடிப்படி ஏற வேண்டும். மாடி இல்லாத ஃபிளாட்டுக்காரர்கள் மன்னிக்கவும்.

ஒன்றுக்கும் உதவாத அளவு புளித்த மோருக்குக் கறிவேப்பிலைச் செடி இருக்கவே இருக்கிறது. தண்ணீர் தாராளமாகச் சேர்த்து வேரில் ஊற்றினால் துளிர் நன்றாக வரும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் ஊற்றுகிறோம்.

எதைக் காப்பாற்றக் கூடாது

வீணாக்கக் கூடாது என்ற வைராக்கியம் ஒரு எல்லையோடு நிற்க வேண்டும். சந்தேகமான பாலை மொத்தமாக அடுப்பில் ஏற்றாமல் ஒரு கரண்டி மட்டும் சின்னக் கிண்ணத்தில் காய்ச்சிப் பாருங்கள். திரியாமல், கசப்போ வழவழப்போ நாற்றமோ இல்லாமல் இருந்தால் பயன்படுத்தலாம். திரிந்தால் நான் அதைப் பன்னீர் என்று கூப்பிடுவதில்லை. தானாகத் திரிந்த பாலில் சர்க்கரை போட்டுக் கிண்டித் தின்ற காலம் உண்டு, தெரியும். அப்போது காலையில் கறந்த பால் சாயங்காலம் புளித்தது. இப்போது நாள் கணக்கில் ஃபிரிட்ஜில் இருந்த பாக்கெட் பால் புளிப்பதற்கு முன்பே கசந்தும் போகிறது, அதற்குக் காரணமான கிருமிகள் வேறு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் பாலில் விட்டுப்போகும் நஞ்சு சூட்டுக்கு அசையாது. கசப்பு, வழவழப்பு, நாற்றம் மூன்றில் ஒன்று இருந்தாலும் கொட்டிவிடுங்கள். தயிர் புளிப்பது வேறு, கெடுவது வேறு. மேலே இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ திட்டுத் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது, முழுவதும் போக வேண்டும்.

கொடுத்துவிடுவதை நான் ஒரு வழியாகவே சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். உண்மையில் பிரிக்காத பாக்கெட்டுக்கு ஃபிரீசரைவிட அதுவே மேல். ஆனால் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு பால், தயிர், உப்பு வாசல் தாண்டக் கூடாது என்பதில் எங்கள் தெரு இன்னும் கறார். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாங்குகிறவர் முகம் சுளித்தால் நன்றாகவா இருக்கும்?

அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், பிரிக்காத இரண்டில் ஒரு பாக்கெட் எட்டு மணிக்கே எதிர்வீட்டு அக்காவுக்குப் போயிற்று. அவர் வீட்டுக்கு நிஜமாகவே விருந்தாளி வந்திருந்தார்கள். இன்னொன்று டப்பாவுக்குள் உட்கார்ந்து ஃபிரீசருக்குள். காய்ச்சிய ஒரு லிட்டரில் அரை லிட்டர் காபிக்கும் மகன் குடிக்கவும் ராத்திரிக்குள் தீர்ந்தது. மீதி அரை லிட்டரை ஃபிரிட்ஜில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போகும்போது கட்டுச்சோறாகவும், திங்கட்கிழமை டப்பாக்களுக்கும் பிசைந்தேன். தூக்குத் தயிர் பாதி சாப்பாட்டுக்கு, பாதி செவ்வாய்க்கிழமை வெள்ளைப்பூசணி மோர்க்குழம்பு.

மகனுக்குப் பன்னீர் கிடைக்கவில்லை என்று வருத்தம். சித்தப்பா குடும்பம் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். ஃபிரீசர் பாக்கெட்டைச் சனிக்கிழமை ராத்திரி கீழே இறக்க வேண்டும், மறக்காமல் இருக்க ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அன்றைக்கு அத்தைதான் பாயசம் வைக்கப் போகிறார்.